நல்ல கொழுப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது: மலை மேல் ஆய்வகத்தில் அளக்கும் முறை

லிப்பிட் புரொஃபைல் ரிப்போர்ட்டில் வரும் எச்.டி.எல்., அதாவது நல்ல கொழுப்பின் எண், அந்தத் துகள்களுக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு குடித்துக் கிடக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்லிலிருந்து அதை வெளியே எடுக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. குன்னூரில் தேயிலை லாரி எத்தனை நிற்கிறது என்று எண்ணுவது வேறு. அன்றைக்கு எத்தனை லோடு இலை தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு.

இந்த வேறுபாட்டை மருந்துகளே காட்டிக் கொடுத்தன. டார்செட்ராபிப் மருந்து எச்.டி.எல். அளவை 70 சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. ஆனால் அதை எடுத்தவர்களிடம் மரணம் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்தினார்கள். 2012-இல் டால்செட்ராபிப் சோதனையும் பயன் இல்லை என்று நின்றது. அதற்கு முன்பே, 2011-இல், மேக்ரோபேஜிலிருந்து கொழுப்பை வெளியேற்றும் திறனை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வு வந்திருந்தது. எச்.டி.எல். கொழுப்பும், எச்.டி.எல். துகளின் முக்கியப் புரதமான ஏப்போ ஏ1 அளவும் சேர்ந்தாலும் அந்தத் திறனில் காணும் வேறுபாட்டில் 40 சதவீதத்தைக்கூட விளக்கவில்லை. 2014-இல் டல்லாஸ் இதய ஆய்வில் 2,416 பேரைச் சுமார் 9 ஆண்டு பின்தொடர்ந்ததில், திறன் மிக அதிகமான கால் பங்கினருக்கு, மிகக் குறைவான கால் பங்கினரைவிட இதய, ரத்தக்குழாய் பாதிப்பு 67 சதவீதம் குறைவாக இருந்தது. ஆகவே அளக்க வேண்டியது திறனைத்தான்.

நீலகிரியிலோ பழனி மலையிலோ இந்தத் திறனை அளக்கும் சோதனையைச் செய்யத் தொடங்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் டெக்னீஷியன்களுக்குமாக இதை எழுதுகிறோம். அச்சில் வந்த நடைமுறைகள் பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் எழுதப்பட்டவை. "அறை வெப்பநிலை", "15 பவுண்டு", "5 சதவீதம்" என்ற மூன்று சொற்களும் ஊட்டியில் வேறு பொருள் தரும். மலையில் வரும் தவறான முடிவுகளில் பெரும் பங்கு இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது என்பதால் முதலில் அவற்றைச் சரிசெய்துகொள்வோம்.

உயரம் செய்யும் வேலை

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்கும். கடல் மட்டத்தில் அது 101. குன்னூரில் 81 என்று வைத்துக்கொள்ளலாம்; கொடைக்கானல் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் வரும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும் என்பது இங்கே ஒவ்வொரு சமையலறைக்கும் தெரியும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் இது எப்படி வரும் என்று பாருங்கள். கேஜ் காட்டும் 15 பவுண்டு என்பது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தம். வெளிக்காற்றே குறைவாக இருப்பதால் உள்ளே மொத்த அழுத்தம் 180 கிலோபாஸ்கல்தான் ஆகும். நீராவி 117 டிகிரியைத் தாண்டாது. 121 டிகிரி வேண்டுமென்றால் ஊட்டியில் கேஜ் 18.5 பவுண்டு, குன்னூரில் 18 பவுண்டு காட்ட வேண்டும். உங்கள் ஆட்டோகிளேவின் பாதுகாப்பு வால்வு அதற்குத் தகுந்ததா என்று தகட்டைப் பார்க்காமல் ஒருபோதும் அழுத்தத்தை ஏற்றாதீர்கள். வால்வு இடம் தரவில்லை என்றால் 15 பவுண்டிலேயே 40 நிமிடம் வைத்துவிடுங்கள். 121 டிகிரியில் 15 நிமிடம் செய்யும் கொல்லும் வேலையை 117 டிகிரியில் செய்ய ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேரம் ஆகிறது. கேஜை நம்பாமல் உள்ளே இருக்கும் தெர்மாமீட்டரை நம்புங்கள். மாதம் ஒரு முறை, வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்து தடவிய ஸ்போர் ஸ்ட்ரிப் வைத்துச் சோதியுங்கள். பாட்டிலுக்குள் மெல்லத் தலைதூக்கும் பாக்டீரியா மேக்ரோபேஜைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட மேக்ரோபேஜ் கொழுப்பை வெளியேற்றும் விதமே மாறிவிடும். மீடியம் கலங்காமலேயே முடிவு கெட்டுப்போகும் வழி இது.

கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் விஷயம் இன்னும் நுட்பமானது. செல்லுக்கு வேண்டியது சதவீதம் அல்ல, அந்த வாயுவின் பகுதி அழுத்தம். ஊட்டிக் காற்றில் உண்மையான 5 சதவீதம் வைத்தால் செல் வளர்க்கும் ஆர்.பி.எம்.ஐ. மீடியத்தின் பி.எச். 7.4-க்குப் பதில் 7.5-ஐத் தாண்டி நிற்கும். அதே பகுதி அழுத்தம் கிடைக்க 6.5 சதவீதத்தை ஒட்டி வைக்க வேண்டும். இதைப் படித்தவுடன் எல்லா இன்குபேட்டரையும் 6.5-க்குத் திருப்பிவிடக் கூடாது. உள்ளே இருப்பது அகச்சிவப்பு சென்சார் என்றால், அழுத்தத் திருத்தம் இல்லாமல் கீழே காலிபிரேட் செய்து அனுப்பியிருந்தால், அது அளப்பது மூலக்கூறுகளின் அடர்த்தியைத்தான். அது 5 என்று காட்டும்போதே பகுதி அழுத்தம் சரியாக இருக்கும். வெப்பக்கடத்தல் சென்சார் அப்படி அல்ல. அது விகிதத்தைக் காட்டும். எந்த சென்சார் என்று கையேட்டில் பார்த்துவிட்டு, கடைசித் தீர்ப்பை மீடியத்திடமே கேளுங்கள்: ஒரு ஃபிளாஸ்க்கில் செல் இல்லாத மீடியம் 10 மில்லி ஊற்றி, மூடியைத் தளர்த்தி, இரவு முழுக்க இன்குபேட்டரில் வையுங்கள். காலையில் எடுத்த ஒரு நிமிடத்துக்குள் பி.எச். பாருங்கள். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருந்தால் போதும். நிற்கும் நேரத்தில் வாயு வெளியேறிப் பி.எச். ஏறிக்கொண்டே போகும் என்பதால் மெதுவாகச் செய்தால் தவறாகப் படிப்பீர்கள்.

மூன்றாவது, அறை வெப்பநிலை. ஜனவரிக் காலையில் ஊட்டி ஆய்வக மேசை மேல் 12 டிகிரி இருப்பது சாதாரணம். நடைமுறைத் தாளில் அறை வெப்பநிலை என்று எழுதியவர் நினைத்தது 22 முதல் 25 டிகிரி. அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் மேசையை நம்பாமல் 24 டிகிரிக்கு வைத்த உலர் பிளாக்கையோ வாட்டர் பாத்தையோ பயன்படுத்துங்கள்.

ரத்தம் எடுப்பது முதல் உறைய வைப்பது வரை

சாம்பிளுக்கு சீரம் போதும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. டியூபில் எடுத்தால் பின்னால் வரும் பாராக்சோனேஸ் என்ற நொதியின் அளவீடு வீணாகிவிடும். அந்த நொதிக்குக் கால்சியம் வேண்டும், ஈ.டி.டி.ஏ. அதைப் பிடுங்கிக்கொள்ளும். சிவப்பு மூடி டியூபோ ஜெல் டியூபோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிறு என்பதை மலையில் விளக்கிக் கேட்க வேண்டும். குளிரில் விடிந்ததும் சர்க்கரை போட்ட டீ குடிப்பதை இங்கே யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. "காலையில ஒண்ணும் சாப்பிடலையேம்மா?" என்றால் "ஒண்ணும் சாப்பிடலைங்க" என்றுதான் பதில் வரும். "டீ குடிச்சீங்களாம்மா? கூட வர்க்கி எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள். நெய்யோ டால்டாவோ சேர்ந்த வர்க்கி டிரைகிளிசரைடை ஏற்றும். அது ஏறிய சீரத்தில், கெட்ட கொழுப்பை அடியில் இறக்கும் அடுத்த கட்டமான வீழ்படிவு சுத்தமாக இறங்காது. காய்ச்சலோ சளியோ வந்து மூன்று வாரம் ஆகாதவரிடம் எடுக்க வேண்டாம். அழற்சியின்போது சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதம் எச்.டி.எல். மேல் ஏறி ஏப்போ ஏ1-ஐத் தள்ளிவிடும். நீங்கள் அளப்பது அவருடைய எச்.டி.எல். ஆக இருக்காது, அவருடைய காய்ச்சலாக இருக்கும்.

குளிரில் ரத்தம் உறைய நேரமாகும். 30 நிமிடத்தில் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் நூல் தொங்கும், பிப்பெட் டிப் அடைக்கும். 24 டிகிரியில் 45 நிமிடம் நிற்க விட்டு, 1,500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றிப் பிரியுங்கள். முகாம் கூடலூரிலோ கோத்தகிரியிலோ நடந்தால் அங்கேயே சுழற்றிப் பிரித்துவிட்டுக் கொண்டு வாருங்கள். பிரிக்காத டியூபை ஊசிவளைவுகளில் குலுக்கிக் கொண்டுவந்தால் சிவப்பணு உடையும். ஹீமோகுளோபின் ஒளிர்வு அளவீட்டைக் குறைத்துக் காட்டும்.

ஒரே டியூபில் 2 மில்லி உறைய வைக்காதீர்கள். 150 மைக்ரோ லிட்டர் வீதம் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு முறை உருகியதை மறுபடி உறைய வைத்துப் பயன்படுத்தக் கூடாது. கோவையிலிருந்து உலர் பனியில் சாம்பிள் வருவதாக இருந்தால், சின்னத் தெர்மாகோல் பெட்டியில் ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிலோ பனி காணாமல் போகும் என்று கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைத்தால் பயணம் ஒரு நாள் நீளும். அந்த ஒரு நாளுக்கும் சேர்த்துப் போடுங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டாதீர்கள். காரில் வைத்தால் கண்ணாடியைச் சற்று இறக்கியே வைத்திருங்கள். ஓட்டுநர் மூச்சுத் திணறிய பிறகு யோசிக்கிற விஷயம் இல்லை இது.

கெட்ட கொழுப்பைப் பிரித்து எடுத்தல்

சீரத்தில் ஏப்போ பி என்ற புரதம் கொண்ட எல்.டி.எல்., வி.எல்.டி.எல். துகள்கள் இருந்தால் அவையும் கொழுப்பை வாங்கிக்கொள்ளும். அவற்றை இறக்கிவிட்டால் மிஞ்சுவது எச்.டி.எல். பகுதி. இதற்கு பாலிஎத்திலீன் கிளைக்கால் (பி.இ.ஜி.) 8000, 20 சதவீதக் கரைசல் வேண்டும். 1.5 கிராம் கிளைசினை 70 மில்லி தண்ணீரில் கரைத்து, பி.எச். 7.4-க்குக் கொண்டுவந்து, 20 கிராம் பி.இ.ஜி. சேர்த்துக் கரைத்து, 100 மில்லிக்கு நிரப்புங்கள்.

100 மைக்ரோ லிட்டர் சீரத்துக்கு 40 மைக்ரோ லிட்டர் இந்தக் கரைசல். மெதுவாகக் கலக்கி 24 டிகிரியில் 20 நிமிடம். பிறகு 4 டிகிரியில், நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 30 நிமிடம் சுழற்றுங்கள். உங்கள் ரோட்டரின் ஆரம் 8.4 சென்டிமீட்டர் என்றால் அது சுமார் 9,400 ஜி. ரோட்டர் வேறு என்றால் சுற்றை அல்ல, ஜி விசையைப் பொருத்துங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும், அடித்துகளைத் தொடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே பயன்படுத்துங்கள்.

மலையில் இந்தப் படிதான் அதிகம் சறுக்கும். 12 டிகிரியில் பி.இ.ஜி. கரைசல் தேன் மாதிரி ஓடும். 40 என்று வைத்த பிப்பெட் 34, 35 மட்டும் இறக்கும். மிச்சம் டிப்பின் சுவரில் ஒட்டி நிற்கும். வெளிச்சத்தில் டிப்பைப் பிடித்துப் பார்த்தால் ஒரு மெல்லிய படலம் கீழே வழிந்து வருவது தெரியும். பி.இ.ஜி. குறைந்தால் எல்.டி.எல். முழுக்க இறங்காது, வெளியேற்றத் திறன் பொய்யாக உயரும். அந்த நோயாளியின் எச்.டி.எல். நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிவிடுவீர்கள். கரைசலை 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, ரிவர்ஸ் பிப்பெட்டிங் முறையில், பிஸ்டனை இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சி, முதல் நிறுத்தம் வரை மட்டும் இறக்குங்கள். மெதுவாக. பிப்பெட் சரியா என்று தராசில் பத்து முறை நிறுத்துப் பாருங்கள்.

வீழ்படிவு சரியாக நடந்ததா என்பதை ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு சாம்பிளிலாவது சோதியுங்கள். தெளிநீரில் ஏப்போ பி இருக்கக் கூடாது. ஏப்போ ஏ1, நீர்த்த கணக்கைத் திருத்திய பிறகு, சீரத்தில் இருந்ததில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். தெளிநீர் மங்கலாக இருந்தால் டிரைகிளிசரைடு மிகுந்த சாம்பிள் என்று பொருள். அதை வேறாக எடுத்து வைத்துக் குறிப்பு எழுதுங்கள்.

செல்லும் நிறமும்

எலி மேக்ரோபேஜான ஜே774 செல்தான் பழகிய வழி. புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கலாம். டிரிப்சின் நொதி போட்டு எடுக்க வேண்டாம், ஸ்கிரேப்பரால் சுரண்டியே எடுங்கள். 20 முறைக்கு மேல் மாற்றி வளர்த்த செல்லைத் தூக்கி எறியுங்கள். செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து வளரும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்கான சோதனை இல்லாமல் ஒரு பிளேட்டும் போடாதீர்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து தடுப்பூசி வேலை செய்து வரும் இடம். இந்த மலையின் குளிரிலும் பனியிலும் செல் வளர்ப்பு நடக்கும் என்பதற்கு அங்கே விரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்லில் தயாரான வெறிநாய்க்கடித் தடுப்பூசியே சாட்சி. உங்கள் அறையில் வளராவிட்டால் காரணம் மலையாக இருக்காது.

கொழுப்புக்கு அடையாளம் போட இரண்டு வழி. பழைய வழி, கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் ஏற்றிய கொழுப்பு. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, தனி அறை, கழிவு ஏற்பாடு எல்லாம் வேண்டும். புதியதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை போடிபி கொழுப்பு, அதாவது ஒளிரும் நிறம் கோத்த கொழுப்பு. 482 நானோமீட்டரில் தூண்டி 515-இல் படிக்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: போடிபி, ஏ.பி.சி.ஏ.1 என்ற வாயில் வழியாக வெளியேறுவதைத்தான் தூக்கலாகக் காட்டும். டிரிட்டியம் எண்ணோடு நேர் ஒப்பீடு செய்யக் கூடாது.

குப்பியை ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். மூடுபனி நாளில் குளிர்ந்த கண்ணாடி மேல் நீர்த்துளி கொட்டும். அது உள்ளே போனால் நிறம் கட்டியாகும். வெளியே துடைத்தால் ஈரம் ஒட்டாத நிலை வரும்வரை, அரை மணி நேரம் மூடியே வைத்திருங்கள்.

முதல் நாள், 48 குழிப் பிளேட்டில் குழிக்கு 75,000 செல், 10 சதவீதம் சீரம் கலந்த ஆர்.பி.எம்.ஐ. மீடியத்தில். மறுநாள் சீரத்தை நன்றாகக் கழுவிவிட்டு நிறமேற்றும் கலவை: போடிபி கொழுப்பு 0.025 மில்லிமோலார், சாதாரணக் கொழுப்போடு சேர்த்து மொத்தம் 0.1 மில்லிமோலார், ஏந்தியாக மெத்தில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 10 மில்லிமோலார். 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அதற்கு மேல் விட்டால் சைக்ளோடெக்ஸ்ட்ரின் செல்லையே உறிஞ்சிவிடும். இருமுறை கழுவி, 0.2 சதவீதம் போவைன் ஆல்புமின், ஏ.சி.ஏ.டி. தடுப்பான் ஒரு மில்லிக்கு 2 மைக்ரோகிராம், சி.பி.டி. சைக்ளிக் ஏ.எம்.பி. 0.3 மில்லிமோலார் கலந்த மீடியத்தில் 16 முதல் 18 மணி நேரம். தடுப்பான் இல்லையென்றால் கொழுப்பு எஸ்டராகி செல்லுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். சைக்ளிக் ஏ.எம்.பி. ஏ.பி.சி.ஏ.1 வாயிலைத் திறந்து வைக்கும். மனித டி.எச்.பி.1 செல்லுக்கு மாறினால் இது வேலை செய்யாது. எலி மரபணுவில்தான் அந்தத் தூண்டுதல் உண்டு. அங்கே ஏ.பி.சி.ஏ.1-ஐ வேறு வழியில் கூட்டும் எல்.எக்ஸ்.ஆர். தூண்டி போட வேண்டும். செல்லை மாற்றிவிட்டு நடைமுறையை மாற்றாமல் விட்டால் எல்லாச் சாம்பிளும் ஒரே மாதிரி தாழ்ந்து வரும்.

மூன்றாம் நாள் வெளியேற்றம். பி.எச்.-ஐத் தாங்கும் ஹெப்பஸ் பஃபர் 25 மில்லிமோலார் கலந்த, ஃபீனால் ரெட் நிறம் இல்லாத எம்.ஈ.எம். மீடியம் எடுங்கள். ஹெப்பஸ் இருப்பதால் இந்த நான்கு மணி நேரத்தில் வாயு அளவு கொஞ்சம் பிசகினாலும் பி.எச். தாங்கும்; மலையில் இது பெரிய நிம்மதி. அதில் தெளிநீர் 2.8 சதவீதம் சேருங்கள். ஏன் 2.8? 100 பங்கு சீரத்தில் 40 பங்கு பி.இ.ஜி. கலந்ததால் 1.4 மடங்கு நீர்த்திருக்கிறது, 2.8-ஐ 1.4-ஆல் வகுத்தால் சீரம் 2 சதவீதம். ஒரு சாம்பிளுக்கு மூன்று குழி, குழிக்கு 250 மைக்ரோ லிட்டர். 800 மைக்ரோ லிட்டர் தயார் செய்ய 22.4 மைக்ரோ லிட்டர் தெளிநீர்.

எல்லாக் கரைசலும் முன்கூட்டியே 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்த மேசையில் பிளேட்டை வைத்து ஐந்து நிமிடம் பிப்பெட் செய்தால் குழிகள் 20 டிகிரிக்குக் கீழே போய்விடும். வெளியேற்றம் மட்டுப்படும், அதுவும் முதலில் ஊற்றிய வரிசைக்கும் கடைசியில் ஊற்றியதற்கும் ஒரே அளவில் இருக்காது. 37 டிகிரி வார்மிங் பிளேட் மேல் வைத்தே வேலை செய்யுங்கள். சரியாக 4 மணி நேரம்.

ஒவ்வொரு பிளேட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டியவை: சீரம் இல்லாத பிளாங்க், ஆனால் அதே அளவு பி.இ.ஜி. சேர்த்தது, அதாவது சலைன் 100-க்கு பி.இ.ஜி. 40 கலந்து 2.8 சதவீதம், ஏப்போ ஏ1 தனியாக மில்லிக்கு 10 மைக்ரோகிராம், எட்டுப் பத்துப் பேர் சீரத்தைச் சேர்த்து 200 மைக்ரோ லிட்டராகப் பிரித்து உறைய வைத்த பூல், வெளியேற்றம் தொடங்கும் முன்பே நிறுத்திய தொடக்க நேரத்துக் குழிகள் மூன்று. சைக்ளிக் ஏ.எம்.பி. போடாத ஒரு தொகுதியும் இருந்தால், இரண்டின் வித்தியாசம் ஏ.பி.சி.ஏ.1 வழியாகப் போன பங்கைத் தரும்.

4 மணி நேரம் முடிந்ததும் மீடியத்தை எடுத்து 0.45 மைக்ரான் ஃபில்டர் பிளேட்டில் வடிகட்டுங்கள். மிதக்கும் ஒரு சில செல் உள்ளே வந்தாலும் அந்தக் குழி உயரும். தொடக்க நேரத்துக் குழிகளை 1 சதவீதக் கோலிக் அமிலத்தில் கரைத்து மொத்த ஒளிர்வைப் படியுங்கள். ஒளிர்வைப் படிக்கும் ரீடரின் கெயின், அதாவது பெருக்க அளவை எல்லாப் பிளேட்டுக்கும் ஒன்றாகப் பூட்டி வையுங்கள். ஆட்டோ கெயின் வேண்டாம். ரீடருக்குள் சிலிக்கா ஜெல் பை வைத்து மாதம் ஒரு முறை மாற்றுங்கள். ஈரப்பதத்தில் லென்ஸ் மேல் பூஞ்சை படர்ந்தால் எண்கள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். சாம்பிளில் ஏதோ மாறிவிட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்கு இப்படி. தொடக்கக் குழியின் மொத்தம் 16,400 என்று வைப்போம். சாம்பிள் மீடியம் 2,460 என்றால் 15 சதவீதம். பிளாங்க் 492 என்றால் 3 சதவீதம். நிகரம் 12. அதே பிளேட்டில் பூலின் நிகரம் 10 வந்திருந்தால், அந்தச் சாம்பிளின் திறன் 1.20. பூலோடு ஒப்பிட்ட இந்த எண்ணைத்தான் எழுத வேண்டும். இன்றைய 12-ஐயும் அடுத்த வாரத்து 12-ஐயும் ஒன்று என்று எடுக்க முடியாது. செல்லின் மனநிலை வாரத்துக்கு வாரம் மாறும். மூன்று குழிகளுக்குள் விலகல் 10 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி செய்யுங்கள். பூல் தீரும் முன்பே அடுத்த பூலைத் தயாரித்து, இரண்டையும் குறைந்தது ஐந்து பிளேட்டில் ஒன்றாக ஓட்டி விகிதம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செல் வளர்க்க வசதி இல்லாத இடத்தில்

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் மட்டும் இருக்கும் கல்லூரி ஆய்வகமும் ஒன்று செய்யலாம். எச்.டி.எல். மேல் அமர்ந்திருக்கும் பாராக்சோனேஸ் 1 நொதி எல்.டி.எல். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேலையில் பங்கு கொள்கிறது. அதை இரண்டு பொருளால் அளக்கலாம்: பாராக்சான், ஃபீனைல் அசிடேட். பாராக்சான் கொடிய ஆர்கனோஃபாஸ்பேட் நஞ்சு. தோல் வழியாகவும் ஏறும். புதியவர்கள் தொடவே வேண்டாம். பாராக்சானுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த நொதியின் 192-ஆம் இடத்து மரபு வேறுபாட்டைப் பொறுத்து முடிவு பெரிதும் மாறும். ஃபீனைல் அசிடேட்டில் அந்தத் தாக்கம் சிறிது.

பஃபர்: டிரிஸ் 20 மில்லிமோலார், கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார், 25 டிகிரியில் பி.எச். 8.0. டிரிஸ் கரைசலின் பி.எச். வெப்பநிலையோடு நகரும். 12 டிகிரி மேசையில் 8.0 வைத்தால் 25-இல் 7.6-ஐ ஒட்டி வந்து நிற்கும். பாத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். இந்தப் பஃபர் 100 மில்லியில் ஃபீனைல் அசிடேட் 12.7 மைக்ரோ லிட்டர் விட்டால் 1 மில்லிமோலார். எண்ணெய்த் துளி மேலே மிதக்கும். அது முழுக்க மறையும்வரை மூடிக் குலுக்குங்கள். சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், தானாகவே உடையும்.

சீரம் 10 மைக்ரோ லிட்டரை ஃபீனைல் அசிடேட் சேர்க்காத பஃபர் 390-இல் நீர்த்து, அதில் 75 மைக்ரோ லிட்டரை 2.925 மில்லி ஃபீனைல் அசிடேட் பஃபரில் சேருங்கள். மொத்தம் 1,600 மடங்கு. குவார்ட்ஸ் குவெட் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் 270 நானோமீட்டர் ஒளியை விடாது. 25 டிகிரி குவெட் ஹோல்டரில், முதல் 20 நொடியை விட்டு, 270 நானோமீட்டரில் இரண்டு நிமிடம் படியுங்கள். நிமிடத்துக்கு 0.090 ஏறி, சீரம் இல்லாத பிளாங்க் 0.008 என்றால், நிகரம் 0.082. அதை 1.31-ஆல் (1 மில்லிமோலார் ஃபீனால் தரும் ஒளி உறிஞ்சல்) வகுத்து 1,600-ஆல் பெருக்கினால் மில்லிக்கு சுமார் 100 யூனிட். கோடு வளைந்தால் சீரம் அதிகம். இன்னும் நீர்த்துப் பாருங்கள். குவெட்டின் வெளிப்புறம் பனி படர்ந்தால் எண் துள்ளும்; ஒவ்வொரு முறையும் மெல்லிய திசுத்தாளால் துடைத்துவிட்டு வையுங்கள்.

எல்.டி.எல். மேல் டைகுளோரோஃபுளோரசீன் நிறம் ஒளிர்வதை எச்.டி.எல். எவ்வளவு அடக்குகிறது என்று பார்க்கும் அழற்சிக் குறியீடும் உண்டு. 1-க்குக் கீழே என்றால் எச்.டி.எல். காக்கிறது, மேலே என்றால் தூண்டுகிறது. ஆனால் எல்.டி.எல். தயாரிப்பு மாறினால் எண்ணும் மாறுவதால், வெளியேற்றச் சோதனை கைவந்த பிறகு அதற்குப் போவது நல்லது.

முடிவை எழுதும்போது

இந்த எண்கள் எதற்கும் மருத்துவமனைக் கணக்கில் இயல்பு எல்லை என்று ஒன்று இல்லை. ரத்தம் கொடுத்தவர் கேட்டால், "இது ஆராய்ச்சிக்காகங்க, இதை வச்சு மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது, உங்க டாக்டர் சொன்னபடியே சாப்பிடுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திறன் 1.20 என்ற தாளைக் கையில் கொடுத்தால் அதை நலம் என்று எடுத்துக்கொண்டு கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை விட்டுவிடும் ஆபத்து உண்மையானது.

ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பிளேட்டுக்கும் எதிரே எண்களோடு இவற்றையும் எழுதுங்கள்: அன்றைய அறை வெப்பநிலை, இன்குபேட்டரின் காட்சியும் மீடியத்தின் உண்மை பி.எச்.-உம், செல் எத்தனையாவது மாற்று, பூலின் தொகுதி எண், சாம்பிள் எத்தனை நாள் உறைந்திருந்தது, இடையில் மின்சாரம் போனதா, போனால் எவ்வளவு நேரம். மைனஸ் 80 ஃபிரீசரின் காலி இடத்தைத் தண்ணீர் நிரப்பி உறைந்த பாட்டில்களால் அடைத்து வைத்திருந்தால், மின்சாரம் இல்லாத நேரத்தில் கதவைத் திறக்காதவரை வெப்பம் மெதுவாகவே ஏறும். மைனஸ் 60-ஐத் தாண்டி ஏறிய நாளின் தேதியைச் சிவப்பு மையில் எழுதி ஃபிரீசர் கதவிலேயே ஒட்டுங்கள்.